ஸ்கீக்கு ஒரே ஒரு நாள்: எந்தச் சரிவுக்குப் போவது?

கார்த்திகை பிறந்ததுமே குமுளி, மறையூர், கொல்லங்கோடு, செங்கோட்டை, நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்து பனிப்பயணக் கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. மணாலிக்கோ ஸ்ரீநகருக்கோ டிக்கெட் போட்டாயிற்று. நடுவில் ஒரு நாள் ஸ்கீக்கு, அதாவது பனிச்சறுக்குக்கு என்று ஒதுக்கியாயிற்று. பக்கத்துப் பக்கத்தில் மூன்று இடம் சொல்கிறார்கள், எதற்குப் போவது? சுற்றிச் சுற்றி இதுதான் கேள்வி. எங்கள் பயணக் குழுவினரின் பதில்கள் இங்கே.

நாங்கள் நான்கு பேர். வீட்டுக்காரர், நான், ப்ளஸ் டூ மகன், ஒன்பதாவது படிக்கும் மகள். டிசம்பர் 26 முதல் மணாலியில் மூன்று ராத்திரி. டிராவல்ஸ்காரர் சோலாங் என்கிறார். மகன் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்சு என்கிறான். ஹோட்டலில் விசாரித்தால் ஹம்தா பக்கம் சேத்தன் என்கிறார்கள். யாரும் இதுவரை ஸ்கீ போட்டதில்லை. எது சரி?
வாசகி, குமுளி

இடத்தைவிட உங்கள் தேதிதான் முதல் சிக்கல். மணாலிப் பக்கம் நம்பிக்கையாகப் பனி கிடைப்பது ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. டிசம்பர் கடைசியில் ஒரு வருஷம் முழங்கால் அளவு கிடக்கும், மறு வருஷம் காய்ந்த புல்தான் கிடக்கும்.

சோலாங், மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,500 மீட்டர். கீழே அகலமான, சாய்வு குறைந்த புல்வெளி இருக்கிறது. முதல் நாள்காரருக்கு வேண்டியது அதுதான். வாடகைக்குச் சாமான், சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாம் அங்கேதான் அதிகம். அடல் பிகாரி வாஜ்பாயி மலையேற்ற நிலையம் தன் ஸ்கீ பயிற்சிகளைப் பல காலமாக நடத்துவதும் இங்கேதான். குறை என்னவென்றால் கூட்டம். டயரில் உருளுகிறவர்கள், குதிரை, நான்கு சக்கர பைக் எல்லாம் ஒரே வெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும்.

சிஸ்சு 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்த பிறகுதான் அது மணாலியிலிருந்து போய்த் திரும்பும் இடமானது. குளிர் அதிகம் என்பதால் விழுந்த பனி சீக்கிரம் கரையாது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் பனியில் விளையாட்டுதான், பயிற்சி குறைவு. சில ஆண்டுகளில் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய ஊர்த் திருவிழாவுக்காகப் பஞ்சாயத்தே சுற்றுலாவை நிறுத்திவைத்துவிடும். பெரிய பனிப்பொழிவு என்றால் சுரங்கத்துக்குள் வெளியூர் வண்டியை விடமாட்டார்கள்.

சேத்தன் அமைதியான இடம். உயரம் சோலாங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், பனியும் நின்று கிடக்கும். ஆனால் போகிற வழி செங்குத்தான கொண்டைஊசிப் பாதை. பனி கிடந்தால் உள்ளூர் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்தான். லிஃப்ட் கிடையாது. சறுக்கி இறங்கிய ஒவ்வொரு தடவையும் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். ஸ்கீ தெரிந்த இளசுகளுக்கு அது சுகம். உங்களுக்கு மூன்றாவது ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 26ஆம் தேதியே ஸ்கீக்குக் கிளம்பாதீர்கள். அன்று சாயங்காலம் சோலாங்கில் கீழ்ச் சரிவில் பனி இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அதில் ஒருவர் டிரைவராக இருந்தால் மற்றவர் டிரைவராக இருக்கக் கூடாது. பனி இருந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்கே சோலாங் கிளம்புங்கள். இல்லையென்றால் ஸ்கீயை இந்தத் தடவை மறந்துவிட்டு சிஸ்சுவுக்குப் போய்ப் பனியில் விளையாடிவிட்டு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மணாலி–சோலாங் ரோட்டில் வண்டிகள் நின்றுவிடும். 13 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். புதுப் பனி விழுந்த காலையில் வழியில் உள்ள நேரு குண்ட் என்ற இடத்திலேயே சாதாரண வண்டியை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து உள்ளூர் ஃபோர் வீல் வண்டி பிடிக்க வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

ஒரு நாள் பயணத்தில் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: அன்று உங்கள் கால் ஸ்கீயின் மேல் எத்தனை மணி நேரம் நிற்கும்? உயரமும் பேரும் பெரிதாக இருந்து, கால் ஸ்கீயில் அரை மணி நேரம்தான் நின்றது என்றால் அது தப்பான தேர்வு.

"ஸ்கீயிங் சேர்த்து" என்று பேக்கேஜில் போட்டிருக்கிறது. எங்கள் மச்சான் போனபோது பதினைந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார்களாம். ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?
வாசகர், மறையூர்

மச்சான் அனுபவித்ததுதான் வழக்கம். ரோட்டோரக் கடையில் கோட்டும் கம்பூட்டும் மாட்டிவிடுவார்கள். சரிவில் ஒருவர் ஸ்கீயைக் கட்டி, கையைப் பிடித்து ஐம்பது அடி தள்ளிவிட்டு, போட்டோ எடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அது போட்டோவுக்குக் கொடுக்கும் காசு.

பணம் பேசும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை மணி நேரம்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பூட் கெட்டியான பிளாஸ்டிக் ஸ்கீ பூட்டா? மேலே ஏற லிஃப்ட் உண்டா, உண்டென்றால் அதன் கட்டணம் இதில் சேர்த்தியா? ஒருவருக்கு நான்கு பேர் என்பது தாங்கும். எட்டு பேர் என்றால் உங்கள் முறைக்குக் காத்திருந்தே குளிரில் விறைத்துப்போவீர்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பாடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான பாடம் எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் ஏமாற்றுவது கஷ்டம். முதலில் சமதரையில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ போட்டு நடக்கவிடுவார்கள். பிறகு இரண்டும் மாட்டி, சரிவுக்குக் குறுக்காக நின்று பக்கவாட்டில் படி ஏறுவது போல ஏறப் பழக்குவார்கள். அதற்கடுத்து விழுவதும் எழுவதும். எழும்போது இரண்டு ஸ்கீயும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். முனை பள்ளத்தைப் பார்த்து இருந்தால் எழும்போதே ஓடத் தொடங்கிவிடும். அதன் பிறகுதான் பிரேக்: ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, குதிகாலைப் பின்னால் அகலமாகத் தள்ளி, உள்விளிம்பு பனியை அரைக்கும்படி நிற்பது. ஸ்னோ பிளவ் என்பார்கள். இது வராமல் மேலே கூட்டிப்போகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எல்லோருக்கும் தப்பு நடப்பதும் இங்கேதான். வேகம் கூடியதும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்ததும் ஸ்கீயின் முன்பாதியில் பாரம் இல்லாமல் போய்விடும். முன்முனை பிடிக்காது, பிரேக் வேலை செய்யாது, வேகம் இன்னும் கூடும். முழங்காலை முன்னே மடக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்டின் முன்நாக்கில் அழுந்தும்படி நில்லுங்கள். கண் ஸ்கீயைப் பார்க்கக் கூடாது, போகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

நான் பாலக்காட்டு வெயிலுக்குப் பழகினவள். இரண்டு ஜோடி உல்லன் சாக்ஸ், ஜீன்ஸ், கம்பளிக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா? பூட் போட்டால் கால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்கிறார்களே?
வாசகி, கொல்லங்கோடு

ஜீன்ஸை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். பருத்தித் துணி ஒருமுறை நனைந்தால் அன்று காயாது. முதல் நாளில் முக்கால்வாசி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். உள்ளே தெர்மல் (உடம்போடு ஒட்டிய குளிர்கால உள்ளாடை), நடுவில் ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்புச் சட்டை), வெளியே தண்ணீர் புகாத பேன்ட்டும் கோட்டும். வெளி உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும். கம்பளிக் கையுறை அரை மணியில் ஈரமாகும், தண்ணீர் புகாத கையுறை வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று பனியிலிருந்தும் முகத்தில் அடிக்கும். மோவாய்க்குக் கீழேயும் தடவுங்கள்.

சாக்ஸ் இரண்டு ஜோடி வேண்டாம், ஒன்று போதும். மெல்லியதாக, முழங்கால் வரை வருவதாக இருக்கட்டும். இரண்டு போட்டால் பூட்டுக்குள் மடிப்பு விழும். மடிப்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். கதகதப்புக்காகப் போட்ட இரண்டாவது சாக்ஸாலேயே கால் ஜில்லிட்டுப் போகும்.

வலி பெரும்பாலும் தப்பான அளவால் வருவது. கிளம்பும் முன் வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி ஒரு காகிதத்தின் மேல் நின்று, நீளமான விரல் வரை சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கீ பூட்டின் நம்பரே அதுதான்: 24.5 என்றால் 24.5 சென்டிமீட்டர் பாதம். கடையில் செருப்பு நம்பரைக் கேட்டு குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். புதிதாக வருகிறவர்களும் தொளதொளவென்று இருப்பதைத்தான் சௌகரியம் என்று வாங்குவார்கள். அது பிசகு. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரில் லேசாகப் பட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கவே கூடாது.

மாட்டும் வரிசையும் உண்டு. தெர்மல் பேன்ட்டின் கால்பகுதியைப் பூட்டுக்கு மேலே சுருட்டிவிடுங்கள். பூட்டுக்குள் போவது சாக்ஸ் மட்டும். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, கணுக்கால் பக்கிளை முதலில் பூட்டுங்கள். பிறகு மேலே உள்ளவை. விரல் பக்கம் உள்ளது பேருக்கு மாட்டினால் போதும், இறுக்க வேண்டாம்.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு கவ்வும் பிடி. அதில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு இடத்தில் எண் இருக்கும். எடை, உயரம், வயது, பூட் அடிநீளம், பழக்கம் எல்லாம் பார்த்து வைக்க வேண்டிய எண் அது. உங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்தவர் 90 கிலோ ஆளாக இருந்தால் அவருக்கு வைத்தது அப்படியே இருக்கும். 60 கிலோ எடையுள்ள புது ஆளுக்கு எண் 8, 9 என்று நின்றால், விழும்போது பூட் ஸ்கீயிலிருந்து கழலாது, முழங்கால்தான் திருகும். குறைத்து வைக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பூட்டைக் கழற்றியதும் ஸ்கீயின் இரு பக்கமும் பிரேக் கொம்புகள் கீழே விரிகின்றனவா என்றும் பாருங்கள். விரியாத ஸ்கீ, நீங்கள் விழுந்தால் தனியாகப் பள்ளத்துக்கு ஓடி அடுத்தவர் காலை உடைக்கும். ஸ்கீயின் நீளம் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் நிற்கட்டும். அதைவிட நீளம் வேண்டாம்.

பைண்டிங் மாட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தால் பெரும்பாலும் பூட்டின் அடியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கும். சுரண்டிவிட்டு மிதியுங்கள். சரிவில் நிற்கும்போது பள்ளப் பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்டுங்கள்.

எங்க ஊர்ப் பக்கம் செண்டுவாரையிலேயே ஜனவரியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அங்கே ஸ்கீ போட முடியாதா?
வாசகர், மூணாறு

அது உறைபனி. இரவில் புல்லின் மேல் படியும் மில்லிமீட்டர் கணக்கு ஐஸ், காலை ஒன்பது மணிக்கு இருக்காது. புல்வெளியில் ஸ்கீ போடவே மிதித்து இறுகிய பனி ஒரு அடியாவது வேண்டும். ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தேயிலைச் சரிவில் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரு நிமிஷம் நிற்கப் பழகுங்கள். முதல் நாள் ஸ்கீயில் ஓய்ந்துபோவது தொடைதான்.

பிப்ரவரி முதல் வாரம் ஸ்ரீநகரில் நான்கு நாள். அண்ணாச்சி ஒருத்தர் குல்மார்க் வேண்டாம், இப்போ சோனமார்க்குக்கே குளிர்காலத்தில் ரோடு திறந்தாச்சு, கூட்டம் இல்லை என்கிறார். குல்மார்க் போனால் கோண்டோலா என்கிற ரோப் காரில் இரண்டாம் கட்டம் வரை போகாவிட்டால் வீண் என்கிறார் இன்னொருத்தர். எதை நம்ப?
வாசகர், செங்கோட்டை

ரோடு விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது சரி. 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கம் திறந்தது, முன்பு குளிர்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த இடத்துக்கு இப்போது வண்டி போகிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பனி பார்க்க அருமையான இடம். ஸ்கீ கற்றுக்கொள்ள குல்மார்க்தான். தூரம் 50 கிலோமீட்டர். இந்தியாவில் புதியவருக்கு ஒரே இடத்தில் மெல்லிய சரிவு, சின்ன லிஃப்ட், சாமான், பயிற்றுநர் எல்லாம் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது அங்கேதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இன்னொருத்தர் சொல்வதை நம்பாதீர்கள். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஆனைமுடி உச்சி (2,695 மீட்டர்) அளவு. கோண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் கோங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கு மேல். அந்த மேல்சரிவு பண்படுத்தாத காட்டுப்பனி. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீ வீரர்களே அங்கே இறந்தார்கள். ஸ்கீ கற்க நீங்கள் கோண்டோலாவிலேயே ஏற வேண்டியதில்லை. தொடக்கச் சரிவுகள் கீழே, கோண்டோலா நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

நான்கு நாளில் குல்மார்க்கை இரண்டாம் நாள் வையுங்கள். வானிலை கெட்டால் மூன்றாம் நாளுக்குத் தள்ள இடம் இருக்கும். காலை ஏழுக்குக் கிளம்புங்கள். தங்மார்க் வரை எந்த வண்டியும் போகும். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் ஏற்றத்தில் பனி கிடந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டியோ ஃபோர் வீல் டிரைவோதான். "கோண்டோலா ரொம்ப தூரம், குதிரை ஏறுங்கள், ஸ்லெட்ஜில் உட்காருங்கள்" என்று சூழ்ந்துகொள்வார்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். முதல் பாடம் 10 மணிக்குத் தொடங்கட்டும். அதற்கு முன் பனி கெட்டியாக வழுக்கும். மூன்றரைக்கு மேல் நிழல் விழுந்து மறுபடி இறுகும். நடுவில் உள்ள நேரம்தான் புதியவருக்குச் சொந்தம். கோண்டோலாவில் முதல் கட்டம் போய்ப் பார்க்க ஆசை என்றால் டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காற்று வலுத்தால் நிறுத்திவிடுவார்கள், அதையே நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

இன்னொன்று: நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். ரயிலில்தான் போவோம் என்றால் 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது.

ஹரித்துவார் யாத்திரையோடு ஒரே நாளில் ஆலி போய் வர முடியுமா?
வாசகர், சித்தூர் (பாலக்காடு)

முடியாது. ஆலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் போகவே ஹரித்துவாரிலிருந்து சுமார் 275 கிலோமீட்டர் மலைப்பாதை, பகல் முழுக்க ஓடும். சரிவு என்னவோ நல்ல சரிவுதான், 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டே அங்கே நடந்தது. ஆனால் இரண்டு ராத்திரி ஜோஷிமட்டில் தங்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள். ஜோஷிமட்–ஆலி ரோப்வே, ஊரில் நிலம் வெடித்ததால் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ரோடு வழியாகப் போவதாகவே கணக்கிடுங்கள்.

சிம்லாவிலிருந்து குஃப்ரியா, நார்கண்டாவா?
வாசகர், கம்பம்மெட்டு

பனியில் காலை நனைத்து, குதிரையேறி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப குஃப்ரி. ஸ்கீ என்றால் நார்கண்டா. ஒரு வழிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. ஜனவரி, பிப்ரவரிக்கு வெளியே இரண்டுமே ஸ்கீக்கு வேண்டாம்.

அத்தைக்கு 62 வயது, பி.பி. உண்டு. பையனுக்கு ஐந்து. குல்மார்க் கூட்டிப்போகலாமா? இவர்களை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.
வாசகி, நகரி

2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் தலைவலி, குமட்டல் வரலாம். அத்தையின் டாக்டரிடம் உயரத்தின் அளவைச் சொல்லியே கேளுங்கள், "காஷ்மீர் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் சரி என்றால் ஸ்ரீநகரில் ஓர் இரவாவது தங்கிவிட்டுக் குல்மார்க் வரை வரட்டும். இரண்டாம் கட்டம் அவருக்குக் கண்டிப்பாக வேண்டாம். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், வண்டியில் வைத்த பெட்டியில் அல்ல. தலைவலி கூடிக்கொண்டே போனால் மருந்து தேடாமல் முதலில் கீழே இறங்குங்கள்.

ஐந்து வயதுப் பையன் ஸ்கீ பழகலாம். சிக்கல் பூட்தான். குழந்தை அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, பெரிய பூட்டில் பஞ்சு அடைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள். பாத அளவைச் சொல்லி முந்தின நாளே விசாரியுங்கள். கிடைத்தாலும் அரை மணிப் பழக்கம், பிறகு சூடாக ஏதாவது, மறுபடி அரை மணி. ஹெல்மெட் இல்லாமல் விடாதீர்கள். எடுக்கிற பயணக் காப்பீட்டில் ஸ்கீ சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சாகச விளையாட்டு என்று அதை ஒதுக்கிவைக்கும் பாலிசிகள் நிறைய.

பயிற்றுநருக்கு முழுப் பணமும் முன்னாலேயே அனுப்பச் சொல்கிறார்கள். பனியே விழாவிட்டால்?
வாசகர், ஆரியங்காவு

அப்படியும் நடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் விழுந்தது. சின்ன முன்பணம் மட்டும் கொடுங்கள். பனி இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும் அல்லது தேதி மாற்றித் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை, நீங்கள் பழகப்போகும் அதே கீழ்ச் சரிவை அன்றே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்மலை வெள்ளையாக இருக்கும் படத்தை அனுப்பினால் அது உங்களுக்கு உதவாது. வீடியோவில் புல் நுனியோ கல்லோ தெரிந்தால் மறுநாள் ஸ்ரீநகரிலேயே ஊர் சுற்றுங்கள், மீதிப் பணம் உங்கள் பையிலேயே இருக்கும்.